வேண்டாம்னு சொன்ன கிராமம், அப்புறம் என்ன ஆச்சு?

இன்னைக்கு நாம போகப்போற ஊருக்கு ரோடு கிடையாது. மழையில அடிச்சுட்டுப் போச்சு, டெண்டர் விட்டு வேலை நடக்கல, அந்த மாதிரி இல்ல. ரோடே போட்டதில்ல. பப்புவா நியூ கினிங்கிற நாட்டோட தலைநகர் போர்ட் மோர்ஸ்பி. அந்தத் தலைநகருக்கே நாட்டோட மத்த பெரிய நகரங்கள்லேர்ந்து ரோடு இல்ல. விமானம், இல்லைன்னா கப்பல். அப்படிப்பட்ட நாட்டுல ஒரு மூலைக் கடற்கரை எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

முதல்ல மேப்பைக் கொஞ்சம் பார்த்துடலாம். ஆஸ்திரேலியாவுக்கு மேல, பறவை உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெரிய தீவு தெரியும். அதுதான் நியூ கினி. மேற்குப் பாதி இந்தோனேசியா. கிழக்குப் பாதி, 1975 செப்டம்பர் 16-ல சுதந்திரம் வாங்கின பப்புவா நியூ கினி. அந்தக் கிழக்குப் பாதியோட தெற்குப் பக்கத்துக்குத்தான் காலனி காலத்துல 'பப்புவா'ன்னு பேரு. அங்க வால் மாதிரி நீண்டு போற பகுதியோட வடகரையில ஒரு வளைகுடா இருக்கு. காலிங்வுட் வளைகுடா. ஓரோ மாகாணம். போர்ட் மோர்ஸ்பியிலேர்ந்து நேர்க்கோட்டுல பார்த்தா 200 கி.மீ. சொச்சம்தான். ஆனா நடுவுல ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் நிக்குது. வளைகுடாவுக்குப் பின்னாடி இருக்கிற மவுண்ட் சக்லிங் மட்டும் 3,600 மீட்டருக்கு மேல. நம்ம தொட்டபெட்டாவை விட ஆயிரம் மீட்டர் உயரம்.

போறது எப்படி? சின்ன விமானத்துல வனிகேலா அல்லது டூஃபி. ரெண்டும் புல்வெளி ஓடுதளம் மாதிரியான இடங்கள். 1942 அக்டோபர்ல, ஜப்பான்காரங்களோட சண்டை நடந்தப்ப, ஆஸ்திரேலியப் படையை விமானத்துல கொண்டுவந்து இறக்கினது இந்த வனிகேலாவுலதான். அங்கேர்ந்து டிங்கி. நம்ம மீனவர்கள் வச்சிருக்கிற பைபர் படகு மாதிரிதான், பின்னாடி அவுட்போர்டு என்ஜின் மாட்டினது. அலை நல்லா இருந்தா போய்ச் சேரலாம். பெட்ரோல் இருந்தா போய்ச் சேரலாம். இந்த ரெண்டாவது நிபந்தனையை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் கரையில இருக்கிற மக்களோட பேர் மைசின். மொத்தமா சில ஆயிரம் பேர்தான். அவங்க கிராமங்கள்ல பெரியது உயாக்கு. நான் அங்க போனதில்ல. ஜான் பார்க்கர்னு ஒரு மானிடவியலாளர், கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்தவர், 1981-ல அங்க போய்த் தங்கி, அப்புறமும் பல தடவை திரும்பப் போய் எழுதினவர். 2008-ல வந்த அவரோட 'ஆன்செஸ்ட்ரல் லைன்ஸ்' புத்தகம்தான் எனக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்துச்சு. முப்பது வருஷம் ஒரே ஊரைப் பார்த்த ஆள் எழுதுறதுக்கும், மூணு நாள் போயிட்டு வந்து 'உலகின் கடைசி சொர்க்கம்'னு வீடியோ போடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சரி, ஊர் எப்படி இருக்கும்? கடற்கரையை ஒட்டி வரிசையா வீடுகள். தரையிலேர்ந்து உயர்த்தி, கட்டைக்கால் மேல கட்டினது. கூரைக்கு சேகோப் பனை ஓலை. சேகோன்னா ஜவ்வரிசிதானேன்னு கேட்பீங்க. நம்ம சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்குல செய்றது. ஒரிஜினல் சேகோங்கிறது சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு பனை. மரத்தை வெட்டி, உள்ள இருக்கிற சோத்தை இடிச்சு, தண்ணியில அலசி மாவு எடுப்பாங்க. ஆனா மைசின் மக்களோட முக்கியச் சாப்பாடு சேப்பங்கிழங்கு. காட்டுல ஒரு துண்டு நிலத்தை வெட்டி எரிச்சுத் தோட்டம் போடுவாங்க. கொஞ்ச காலம் கழிச்சு அதைக் காட்டுக்கே விட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போவாங்க. பழைய தோட்டம் திரும்பவும் காடாகும். வெளியிலேர்ந்து பார்க்கிற அதிகாரிக்கு அது 'பயன்படுத்தப்படாத நிலம்'. அவங்களுக்கு அது தாத்தாவோட தோட்டம், பேரனோட தோட்டம். பின்னால வரப்போற கேஸ் எல்லாமே இந்தப் பார்வை வித்தியாசத்துலதான் தொடங்குது.

மீன் இருக்கு, காட்டுப்பன்றி இருக்கு, தேங்காய் இருக்கு. நமக்கு ரொம்பப் பழக்கமான ஒண்ணும் இருக்கு: வெற்றிலை பாக்கு. பச்சைப் பாக்கைக் கடிச்சு, வெற்றிலைக் கொடி வகையோட காயைச் சுண்ணாம்புல தொட்டு மெல்லுவாங்க. சுண்ணாம்பு கடல் சிப்பி, பவளத்தைச் சுட்டு எடுக்கிறது. யாராவது வந்தா முதல்ல நீட்டுறது இதுதான். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நம்ம கல்யாண வீட்டுத் தாம்பாளம்!

இப்ப தாப்பா. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாப் பேசணும், ஏன்னா இந்த ஊரோட கதையே இதுல சுத்திக்கிட்டு இருக்கு. தாப்பான்னா மரப்பட்டைத் துணி. பேப்பர் மல்பெரின்னு ஒரு செடி. தோட்டத்து ஓரத்துல நட்டு, தண்டு நேரா வளர்ற மாதிரி பார்த்துக்குவாங்க. வெட்டிக் கொண்டுவந்து, மேல்தோலைச் சுரண்டிட்டு, உள்பட்டையை ஒரே துண்டா உரிச்சு எடுக்கணும். அப்புறம் ஒரு மரக்கட்டை மேல வச்சு, கனமான கட்டையால அடி. அடிக்க அடிக்க ஒடுங்கலான பட்டை அகலமாகி, மெத்துன்னு துணி மாதிரி ஆகும். இது பொம்பளைங்க வேலை. ஊருக்குள்ள அந்த 'டொக் டொக்' சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்னு அங்க போனவங்க எல்லாரும் எழுதுறாங்க. காஞ்ச பிறகு முதல்ல கறுப்புக் கோடு. ஸ்கெட்ச் கிடையாது, ஸ்கேல் கிடையாது. மனசுல இருக்கிறதை நேரா துணியில இழுப்பாங்க. அப்புறம் கோடுகளுக்கு நடுவுல மரப்பட்டையும் இலையும் சேர்த்துக் காய்ச்சின சிவப்புச் சாயம். சில டிசைன்கள் குலத்துக்குச் சொந்தம், அந்தக் குலத்துக்காரங்க மட்டும்தான் உடுத்தலாம். மத்தது அந்தந்தப் பெண்ணோட சொந்தக் கற்பனை.

ஒரு காலத்துல இதுதான் அன்றாட உடை. அப்புறம் விசேஷத்துக்கு மட்டும்னு ஆச்சு. கல்யாணம், மூத்த பிள்ளைக்குச் செய்ற சடங்கு, துக்கம் முடிக்கிற சடங்கு, தேவாலயத் திருவிழா எல்லாத்துலயும் தாப்பா கை மாறும். இதே மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற கோடுகளை வயசுக்கு வர்ற பெண்களோட முகம் முழுக்கப் பச்சை குத்துற வழக்கமும் இருந்தது. இன்னைக்கு வயசானவங்க முகத்துலதான் அதைப் பார்க்க முடியும். புது தலைமுறை குத்திக்கிறதில்ல. பார்க்கரோட புத்தகத் தலைப்புல இருக்கிற 'லைன்ஸ்' இந்தக் கோடுகளையும் சேர்த்துத்தான்.

இன்னொரு சின்ன விஷயம், மொழிப் பிரியர்களுக்காக. பப்புவா நியூ கினியில 800-க்கும் மேல மொழிகள் இருக்கு. அதுல மைசின் மொழி ஒரு விநோதம். பசிபிக் முழுக்கப் பரவின ஆஸ்ட்ரோனேசியக் குடும்பமா, இல்ல உள்ளூர்ப் பப்புவன் மொழிகளோட உறவான்னு நூறு வருஷத்துக்கு மேல சண்டை. ரெண்டும் அவ்வளவு கலந்து கிடக்கு. ஸாரி, இதுக்குள்ள போனா வர முடியாது.

பணத்துக்கு வருவோம்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல, வீடு காட்டுலேர்ந்தே வருது, அப்ப பணம் எதுக்கு? உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய், கத்தி, கோடாரி, துணி, மீன்பிடி வலை. அப்புறம் பிள்ளைங்க ஹைஸ்கூல் படிப்பு. யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா டிங்கிக்குப் பெட்ரோல். 2022-ல மேற்குப் பசிபிக் பிராந்தியத்து மலேரியாவுல கிட்டத்தட்ட 90 சதவீதம் பப்புவா நியூ கினியிலதான்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு சொல்லுச்சு. இந்த நாட்டுல கிராமத்து மருந்தகம்னு கட்டடம் இருக்கும். மருந்து இருக்கான்னு கேட்கணும். நாட்டு ஜனத்தொகையில 85 சதவீதத்துக்கு மேல கிராமங்கள்லதான் இருக்காங்க, அதனால இது ஏதோ ஒதுங்கின ஊரோட கதைன்னு நினைச்சுடாதீங்க. அந்த நாட்டோட பொதுக் கதையே இதுதான்.

பணத்துக்கு முயற்சி பண்ணாம இல்ல. காலனி அதிகாரிங்க தென்னை நடச் சொன்னாங்க, நட்டாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கூட்டுறவுச் சங்கம், கொப்பரை, காபி, கொக்கோன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. எல்லாம் ஒரே இடத்துல முட்டி நின்னுச்சு: விளைஞ்சதை எடுத்துட்டுப் போறது எப்படி? கப்பல் எப்ப வரும்னு தெரியாது. வந்தாலும் சரக்குக் கூலி போக மிஞ்சுறது ஒண்ணுமில்ல. சரி, ஊருக்குள்ளயே பொட்டிக்கடை வைக்கலாம்னா, சொந்தக்காரங்க எல்லாம் கடன். கொடுக்கலைன்னா என்ன மனுஷன் நீன்னு கேட்பாங்க. ரொம்ப முன்னேறினா பொறாமையில யாராவது சூனியம் வச்சுடுவாங்களோங்கிற பயம் வேற நிஜமாவே இருக்கு. நம்ம ஊர்ல கண்ணு படும்னு பூசணிக்காய் கட்டுறோமே, அதைவிட ரொம்ப சீரியஸான பயம். நாலு கடை திறக்கும், நாலும் கொஞ்ச நாள்ல மூடும்.

உண்மையில ஊருக்குப் பணம் கொண்டுவந்தது படிப்புதான். ஆங்கிலிகன் மிஷன் 1900-களோட தொடக்கத்துலயே இங்க பள்ளிக்கூடம் போட்டுடுச்சு. அதனால 1960-கள், 70-கள்ல, நாடு சுதந்திரத்துக்குத் தயாராகி, ஆபீஸ்களுக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டப்ப, மைசின் பிள்ளைங்க முதல் வரிசையில நின்னாங்க. டீச்சர், நர்ஸ், டாக்டர், அரசு ஊழியர், பாதிரியார். இத்தனை சின்னச் சமூகத்துக்கு ஆச்சரியமான எண்ணிக்கை. அவங்க டவுனுக்குப் போனாங்க, ஊருக்குப் பணமும் சாமானும் அனுப்பினாங்க. 'வான்டாக்'னு டோக் பிசின்ல ஒரு வார்த்தை இருக்கு. ஒரே பேச்சு பேசுறவன், அதாவது நம்மாளு. வான்டாக் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. சம்பளம் வாங்குற ஒருத்தர் மேல பத்துப் பேரோட பாரம். நம்ம வீடுகள்ல முதல் பட்டதாரியா வந்தவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல.

1980-கள்ல அரசு வேலை சுருங்க ஆரம்பிச்சது. படிச்சுட்டு வேலை கிடைக்காம ஊருக்குத் திரும்பி வர்ற பசங்க. அந்த நேரத்துலதான் மரம் வெட்டுற கம்பெனிகளோட பேச்சு வருது.

இங்கதான் நாம வழக்கமா கேட்கிற கதையிலேர்ந்து நிஜம் விலகுது. 'காட்டைத் தெய்வமாக வணங்கும் பழங்குடிகள், கம்பெனியை விரட்டினார்கள்'னு ஒரு டெம்ப்ளேட் இருக்கு இல்லையா? பார்க்கர் முதல் தடவை அங்க இருந்த 80-களோட தொடக்கத்துல, மரம் வெட்டுற திட்டத்துக்கு ஊர்ல ஆதரவுதான் நிறைய இருந்திருக்கு. ரோடு வரும், வேலை வரும், காசு வரும். யாருக்குத்தான் ஆசை இருக்காது? பத்துப் பன்னிரண்டு வருஷத்துல அது தலைகீழா மாறுது. 1994-ல, எங்க நிலத்துல வணிக ரீதியா மரம் வெட்ட விடமாட்டோம்னு மைசின் தலைவர்கள் தேசியப் பத்திரிகையில விளம்பரமே கொடுக்கிறாங்க.

இடையில என்ன நடந்துச்சு? ஒரு காரணம்னு சொல்ல முடியாது. மத்த மாகாணங்கள்ல வெட்டின இடம் எப்படி ஆச்சுங்கிற செய்தி வந்துக்கிட்டு இருந்தது: ஆறு கலங்கிப் போச்சு, வந்த ராயல்டி பணம் சீக்கிரமே காணாம போச்சு, போட்ட ரோடு மழையில கரைஞ்சது. டவுன்ல பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க ஊர் திரும்பியிருந்தாங்க, அவங்களுக்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியும். பெண்கள் பலமா எதிர்த்தாங்க, ஏன்னா தோட்டம் அவங்க கையில இருக்கு. அப்புறம் கிரீன்பீஸ் மாதிரி வெளிநாட்டுச் சூழல் அமைப்புகள் தாப்பாவைப் பார்த்துட்டு, 'இதை வித்தா மரம் விக்க வேண்டாமே'ன்னு ஒரு வழி சொன்னாங்க. 1995-ல அமெரிக்காவுல, பெர்க்லி பல்கலைக்கழகத்தோட கலை அருங்காட்சியகத்துல தாப்பா கண்காட்சி. ஊர்லேர்ந்து ஆட்கள் கலிபோர்னியா வரைக்கும் போய் வந்தாங்க. ஊர்ல மைகாட்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதோட முழுப் பேர் மைசின் ஒருங்கிணைந்த பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி. அந்தக் கடைசி வார்த்தையைக் கவனிங்க. வெளியில இருக்கிறவங்க 'பாதுகாப்பு'ன்னு மட்டும் படிச்சாங்க. ஊர்க்காரங்க 'வளர்ச்சி'யைத்தான் அழுத்திப் படிச்சாங்க.

இப்ப சட்டம். பொறுமையா கேளுங்க, இதுதான் முக்கியம்.

பப்புவா நியூ கினியில நிலத்துல சுமார் 97 சதவீதம் மரபுவழி உரிமை நிலம். பட்டா, சிட்டா, அடங்கல் எதுவும் கிடையாது. குலத்துக்குச் சொந்தம், அதை அரசியல் சட்டமும் ஏத்துக்குது. நேரா வாங்கவே முடியாது. அப்ப கம்பெனிக்கு நிலம் வேணும்னா? ஒரு சுத்துவழி இருந்தது. அரசாங்கம் மக்கள்கிட்டேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும், அதையே திரும்ப 'நில உரிமையாளர் கம்பெனி'ன்னு ஒண்ணுக்குக் குத்தகைக்கு விடும், 99 வருஷம் வரைக்கும். அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனியோட கூட்டு சேர்ந்துக்கும். காகிதத்துல எல்லாம் சரியா இருக்கும். அந்த நில உரிமையாளர் கம்பெனியில கையெழுத்துப் போட்டது யாருங்கிறதுதான் கேள்வி. டவுன்ல உட்கார்ந்திருக்கிற நாலு பேர் போட்டாலும் ஊருக்கே போட்ட மாதிரி காட்டலாம்.

1990-களோட கடைசியில இப்படித்தான் ஒரு குத்தகை உருவாச்சு. சுமார் 38,000 ஹெக்டேர். அளவு புரியணும்னா, இன்னைக்கு இருக்கிற சென்னை மாநகராட்சி 426 சதுர கி.மீ.; இது 380. மரம் வெட்டிட்டு, அப்புறம் எண்ணெய்ப்பனைத் தோட்டம் போடுறது திட்டம். ஊர்க்காரங்களுக்கு விஷயம் தாமதமாத்தான் தெரிஞ்சது. 1999-ல கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு கேஸுக்கு போர்ட் மோர்ஸ்பி போய் வரணும்னா என்ன செலவு ஆகும்னு யோசிங்க. டிங்கிக்குப் பெட்ரோல், விமான டிக்கெட், தங்குற இடம். சூழல், மனித உரிமை அமைப்புகளோட வக்கீல்கள் உதவினாங்க. டவுன்ல இருந்த மைசின் வான்டாக்குகள் இடம் கொடுத்தாங்க, காசு சேர்த்தாங்க. 2002 மே மாதம் நேஷனல் கோர்ட் மைசின் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அவங்க சம்மதம் இல்லாம அந்த நிலத்துல கை வைக்க முடியாதுன்னு ஆச்சு.

ஜெயிச்சாச்சு, சுபம்னு போட்டுடலாமா? சுமார் பத்து வருஷத்துல, அதே வளைகுடாவுல அதே அளவு நிலத்துக்குப் புதுசாக் குத்தகை. இந்தத் தடவை பின்னால இருந்தது மலேசியாவோட பெரிய பாமாயில் நிறுவனங்கள்ல ஒண்ணு. இந்தக் கட்டத்துல இது நம்ம கதையும் ஆகுது. உலகத்துலயே அதிகமா பாமாயில் இறக்குமதி பண்ற நாடு இந்தியா. நம்ம ரேஷன் கடையில லிட்டர் 25 ரூபாய்க்கு வர்ற பாக்கெட், நீங்க இதைக் கேட்டுக்கிட்டே கொறிக்கிற மிக்சர், ரெண்டுலயும் அதுதான் இருக்கு. உங்களைக் குற்றவாளி ஆக்குறதுக்குச் சொல்லல. ஏழை வீட்டு அடுப்புக்கு மலிவா எண்ணெய் வேணும்ங்கிறதும் நியாயம்தான். அந்த மலிவுக்குப் பின்னால எங்கேயோ ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கு, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

இது காலிங்வுட் வளைகுடாவுக்கு மட்டும் நடக்கல. நாடு முழுக்க இந்த மாதிரி குத்தகையில 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல போயிருந்தது. நாட்டோட பரப்புல பத்துல ஒரு பங்குக்கும் மேல! 2011-ல அரசே விசாரணைக் கமிஷன் போட்டுச்சு. கமிஷன் அறிக்கை கொடுத்த 42 குத்தகைகள்ல, நிலத்துக்காரங்களோட நிஜமான சம்மதம் இருந்தது வெறும் நாலுல. வளைகுடா மக்கள் இந்தத் தடவை தனியா போகல. மைசினோட பக்கத்து இனக்குழுக்களும் சேர்ந்து கேஸ் போட்டாங்க. பாமாயில் தொழிலோட சர்வதேச வட்டமேசை அமைப்புலயும் புகார் கொடுத்தாங்க. 2014 மே மாதம் கோர்ட் அந்தக் குத்தகைகள் செல்லாதுன்னு சொல்லுச்சு.

சின்னச் சமூகம், ரெண்டு தடவை கோர்ட்டுல ஜெயிச்சது. எனக்கும் இதைப் படிச்சப்ப விசில் அடிக்கணும் போலதான் இருந்தது. ஆனா இந்த எபிசோடை நான் பண்ண நினைச்சது அதுக்கு அடுத்த பகுதிக்காக.

வேண்டாம்னு சொன்னாங்க. அப்புறம் பணத்துக்கு என்ன ஆச்சு?

தாப்பா வித்துச்சு, ஆனா கொஞ்சமாத்தான். ஒரு பெண் செடி வளர்த்து, உரிச்சு, அடிச்சு, வரைஞ்சு முடிக்கிற ஒரு துணி, டிங்கி ஏறி, விமானம் ஏறி, வெளிநாடு போய், ஒரு கேலரியில தொங்கி, யாராவது வாங்கி, அந்தக் காசு திரும்ப வரணும். அந்த ஊர்ல பேங்க் கிடையாது. கேலரிக்காரருக்கு ஆர்வம் ஒரு வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் இருக்காது. அமைப்புகளோட நிதியும் அப்படித்தான், மூணு வருஷத் திட்டம் முடிஞ்சா ஆட்கள் அடுத்த நாட்டுக்குப் போயிடுவாங்க. சங்கத்துக்கு வந்த பணத்தை யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறதுல மனஸ்தாபம் வேற. இதுல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. எல்லாருக்கும் சமமா இருக்கணும்னு நினைக்கிற ஊர்ல, தனித்தனியா சம்பாதிக்கிற பொருளைச் சேர்ந்து விக்கிறது லேசு இல்ல.

2000-த்துல ஒரு அழகான விஷயம் நடந்துச்சு. கனடாவுல, பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருக்கிற ஸ்டோலோங்கிற பூர்வகுடி மக்களும் மைசின் மக்களும் ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் போய் வந்தாங்க. கனடா டிவியில அது ஆவணப்படமா வந்துச்சு. ஸ்டோலோ மக்களுக்கு ரோடு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, கரண்ட் இருக்கு. நிலத்துல பெரும்பகுதி போயிடுச்சு. மைசின் மக்களுக்கு நிலம் இருக்கு. மத்தது இல்ல. ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைச்சுப் பாருங்க.

நடுவுல இயற்கையும் சும்மா இல்ல. 2007 நவம்பர்ல குபா புயல். ஓரோ மாகாணத்துல நூத்துக்கும் மேல பேர் செத்தாங்க, பாலங்கள் போச்சு, ஆத்தங்கரைத் தோட்டங்கள் சேத்துல மூடிப்போச்சு. சம்பளமோ சேமிப்போ இல்லாத குடும்பத்துக்குத் தோட்டம் போறதுன்னா, நமக்கு வேலையும் பேங்க் பேலன்ஸும் ஒரே ராத்திரியில போற மாதிரி.

2012-ல அரசு கட்டணமில்லாப் பள்ளிக்கல்வின்னு அறிவிச்சது. நல்ல விஷயம். கட்டணம் போனாலும், ஹைஸ்கூல் இருக்கிற இடத்துக்குப் பிள்ளை போய்ச் சேரணுமே. திரும்பவும் பெட்ரோல்.

இப்ப புதுசா வந்திருக்கிற ஆசை கார்பன் கிரெடிட். மரத்தை வெட்டாம வச்சிருந்தா அதுக்குக் காசு. கேட்க, மைசின் மக்களுக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு இல்ல? ஆனா பப்புவா நியூ கினியில அதுலயும் புரோக்கர்கள் புகுந்து, மக்களுக்குப் புரியாத ஒப்பந்தங்கள்னு சர்ச்சை ஆகி, 2022-ல புது கார்பன் ஒப்பந்தங்களை அரசு நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. திரும்பவும் யார் கையெழுத்துங்கிற அதே கேள்வி. என்னைக் கேட்டா, மரத்தை வெட்டுறதுக்கு வர்ற காகிதத்தையும் வெட்டாம இருக்கிறதுக்கு வர்ற காகிதத்தையும் ஒரே சந்தேகத்தோடதான் படிக்கணும். அந்த ஊர்க்காரங்களுக்கு அந்தப் பழக்கம் வந்துடுச்சு.

அப்ப வேண்டாம்னு சொன்னது நஷ்டமா? சென்னையிலேர்ந்தோ பெங்களூர்லேர்ந்தோ பார்த்தா, ரெண்டு விதமா நாம தப்பாக் கணக்குப் போடுவோம். ஒண்ணு, 'ஐயோ பாவம், இன்னும் கரண்ட் இல்ல.' இன்னொண்ணு, 'ஆஹா, என்ன நிம்மதியான வாழ்க்கை.' ரெண்டாவதைச் சொல்றவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பிரசவத்துல ரத்தம் நிக்காத பெண்ணை ராத்திரி அலையில டிங்கியில ஏத்துறதுல ஒரு நிம்மதியும் இல்ல.

ஆனா நிலத்தைக் கையில வச்சிருக்கிறதோட மதிப்பு ரொக்கக் கணக்குல தெரியாது. போர்ட் மோர்ஸ்பியில வேலை கிடைக்காத பையனோட நிலைமை என்னன்னு பாருங்க. வாடகை கட்ட முடியாம, நகரத்து ஓரத்துல குடிசைப் பகுதியில சொந்தக்காரங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு, தண்ணிக்கு வரிசையில நின்னு, ராத்திரி வெளிய போகப் பயந்து இருக்கணும். அதே பையன் மைசினா இருந்தா அவனுக்கு இன்னொரு வழி இருக்கு. படகு ஏறி ஊருக்கு வந்தா, அவங்க குலத்து நிலத்துல ஒரு துண்டு, நடுறதுக்குச் சேப்பங்கிழங்குத் தண்டு, வீடு கட்டக் காட்டுல மரம். யாருகிட்டயும் வாங்க வேண்டியதில்ல. வேலை போன மகனுக்கும், ரிட்டையர் ஆன அப்பாவுக்கும், புருஷனைப் பிரிஞ்சு வந்த அக்காவுக்கும் அதேதான். நாம பி.எஃப்., இன்ஷூரன்ஸ்னு வச்சிருக்கிறதை அவங்க மண்ணுல வச்சிருக்காங்க. 38,000 ஹெக்டேர்ல எண்ணெய்ப்பனை நட்டிருந்தா அங்க கூலி வேலை கிடைச்சிருக்கும், உண்மைதான். வேலை போனா திரும்பி வர்றதுக்கு இடம் இருந்திருக்காது.

இப்பவும் அந்த ஊர்ல வளர்ற பசங்களுக்கு முன்னால இருக்கிற வழிகள் ரொம்பக் குறைவு. நல்லா படிக்கிற பெண் போப்பொண்டெட்டா போவா, அப்புறம் மோர்ஸ்பி. முகத்துல கோடு இருக்காது, ஆனா அவ அம்மா போட்ட தாப்பா ஒண்ணு பெட்டியில இருக்கும். நிலத்தைப் பத்தின அடுத்த காகிதம் வர்றப்ப, அதைப் படிச்சுப் பார்த்து ஊருக்குச் சொல்லப் போறது அவளாத்தான் இருக்கும். அவ ஊருக்கு வந்து சொல்றதுக்கும் ஒரு டிங்கி வேணும், அதுக்குப் பெட்ரோல் வேணும்.

இன்னைக்கு அவ்வளவுதான். பார்க்கரோட புத்தகம் கிடைச்சா படிங்க, ரொம்ப எளிமையா எழுதியிருக்கார். உங்க ஊர்ல கடலோர நிலம் பத்தி இந்த மாதிரி கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம்.